மாஸ்டரின் தவறு நோட்டு

டிரைவிங் ஸ்கூல் என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தாலும் உள்ளே இருந்தது ஒரு அறை, ஒரு மேசை, ஒரு கார், ஒரு மாஸ்டர். அதில் கார் மட்டும்தான் கொஞ்சம் புதிது. மாஸ்டர் இருபத்தெட்டு வருஷமாக ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஓடிப்போனவர்கள்.

திட்டு காற்றோடு போய்விடும் என்பதால் அவர் ஒரு நோட்டும் வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று பத்தி. முதல் பத்தியில் தேதியும் நேரமும். இரண்டாவதில் நடந்த சங்கதி: 'ஆஸ்பத்திரி சிக்னல், இன்ஜின் அணைந்து வண்டி நின்றுவிட்டது' என்பது மாதிரி. மூன்றாவது பத்தியின் தலைப்பு 'என் தவறு'. பாடம் முடிந்ததும் அதில் கையெழுத்துப் போட்டால்தான் காரைவிட்டு இறங்க முடியும். அப்பேர்ப்பட்ட பேங்க் மேனேஜரே ஒருநாள் வாயைத் திறக்காமல் ஏழு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தவறை எழுதி வைத்தால்தான் புத்தியில் ஏறும் என்பது மாஸ்டரின் கட்சி. அந்த நோட்டில் அவருக்கென்று ஒரு பக்கம் கிடையாது. கேட்க யாருக்குத் துணிச்சல்?

அந்தக் காருக்கு மூன்று வருஷ வாரண்டி. அது ஒரு வியாழக்கிழமையோடு முடிந்தது. பதினோராவது நாள் காலையில் ரிவர்ஸ் கியர் விழவில்லை. கறமுற என்று பல்லைக் கடித்தது. மறுநாள் முதல் கியரும் அதே பாட்டைப் பாடியது. மூன்று வருஷம் சும்மா கிடந்துவிட்டுச் சரியாகப் பதினோரு நாள் கழித்து மக்கர் பண்ணுகிறதென்றால் இந்தக் கியர்பாக்ஸுக்குக் காலண்டர் பார்க்கத் தெரிந்திருக்கிறது என்று மாஸ்டர் வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டை கட்டிய ஒருவர் இருந்தார். பேச்சு அவ்வளவு இனிப்பு. உட்கார வைத்தார், குடிக்கக் கொடுத்தார், குடும்பம் சௌக்கியமா என்று விசாரித்தார், பிறகு கியர்பாக்ஸ் மாற்றுவதற்கு ஆகும் செலவைச் சொன்னார். மாஸ்டருக்குக் குடித்தது தொண்டையிலேயே நின்றது. அந்தத் தொகைக்கு அவர் அரை வருஷம் வண்டியோட்டச் சொல்லித்தர வேண்டும். அதற்குக் கார் வேண்டும். கார் இல்லாவிட்டால் ஸ்கூலும் இல்லை, பலகையைக் கழற்றி அடுப்பில் வைக்க வேண்டியதுதான். கம்பெனியே தன் செலவில் மாற்றித் தந்தால் பிழைத்தார், இல்லையென்றால் இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

வாரண்டி முடிந்துவிட்டதே என்று டைக்காரர் வருத்தப்பட்டார். ஆனாலும் ஒரு வழி இருக்கிறது என்றார். கோளாறு வாரண்டிக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது என்று நிரூபித்தால் மேலிடத்தில் பேசிப் பார்க்கலாம். முதலில் ஃபோர்மேன் வண்டியை ஓட்டிப் பார்க்கட்டும்.

ஃபோர்மேன் ஓட்டவில்லை. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்கார்றேன் என்று சொல்லிவிட்டார். அதிகம் பேசாத மனிதர், கை நகத்தில் கிரீஸ், காதில் சொருகிய பென்சில். முக்கால் மணி நேரம் ஊரைச் சுற்றினார்கள். சந்து, சந்தை, மேடு, சிக்னல் எல்லாம் ஆயிற்று. கியர் அவ்வப்போது லேசாக முனகியதோடு சரி, வண்டி ஓரிடத்திலும் மக்கர் பண்ணவில்லை. வீட்டில் அடம்பிடித்துவிட்டு விருந்தாளி வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளை மாதிரி நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் ரோட்டைப் பார்க்கவே இல்லை. மாஸ்டரின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நீங்க கிளட்ச்ச ரெண்டு தடவ மிதிக்கறீங்க. தெரியுமா?"

மாஸ்டருக்குத் தெரியாது. அவர் தொழில் கற்றது ஒரு ஓட்டை லாரியில். அதில் ஒரு மிதிக்குக் கிளட்ச் பிடிக்காது, டப் டப் என்று இரண்டு மிதி மிதித்தால்தான் அசையும். லாரி காயலான் கடைக்குப் போய் எத்தனையோ வருஷமாகியும் அந்த டப் டப் காலில் தங்கிவிட்டது.

ஃபோர்மேன் விளக்கினார். கிளட்ச்சை மிதித்தால் எண்ணெய் அழுத்தம் உள்ளே போய்ச் சேர்ந்து இன்ஜினையும் கியரையும் பிரிக்க வேண்டும். இந்த வண்டியில் அந்த எண்ணெய் கியர்பாக்ஸ் பக்கம் உள்ளே கசிகிற மாதிரி இருக்கிறது. வண்டி சூடேறியபின் ஒரு மிதிக்குச் சரியாகப் பிரியாது. பிரியாமலே பிரேக் போட்டால் இன்ஜினும் சேர்ந்து நின்றுவிடும். பிரியாமலே கியர் போட்டுப் போட்டுப் பல்லும் தேய்ந்திருக்கிறது. இரண்டாவது மிதியில் குறைந்த அழுத்தம் ஈடாகிவிடும், அதனால் இரண்டு மிதி மிதிக்கிறவருக்கு மட்டும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், உங்களிடம் கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டும்போது வண்டி நிற்பதுண்டா என்று.

மாஸ்டர் சிரித்துவிட்டார். நிற்பதுண்டாவா? இவர் யாரிடம் என்ன கேட்கிறார்? டாஷ்போர்டைத் திறந்து நோட்டை எடுத்துப் பெருமையாக நீட்டினார்.

ஃபோர்மேன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். காதிலிருந்த பென்சில் கைக்கு வந்தது. வாரண்டி முடிவதற்கு இருபத்தைந்து நாள் முன்புவரை வாரத்துக்கு ஒன்று, இரண்டு. அதன்பிறகு ஒரு பாடத்துக்கே இரண்டு, மூன்று. எல்லாமே சிக்னல் அல்லது நாற்சந்தி. எல்லாமே பாடம் தொடங்கி இருபது நிமிஷம் கழித்து, அதாவது வண்டி சூடேறிய பிறகு.

"இது பசங்க தப்பில்ல மாஸ்டர்," என்றார் ஃபோர்மேன். "ஒரே மிதியா ஒழுங்கா மிதிச்சவங்களுக்குத்தான் நின்னிருக்கு."

மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லித்தருகிறவர். அவர் காலடியில் பிரேக் மட்டும்தான் உண்டு, கிளட்ச் கிடையாது. ஆகவே அவருக்குத் தெரிய வழியில்லை. இப்படித்தான் அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். தேறவில்லை.

டைக்காரருக்கு நோட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, மூன்றாம் பத்தியைப் பார்த்ததும் சுருங்கியது. தேதியெல்லாம் பிரமாதம், ஆனால் ஓட்டினவர்களே தங்கள் தவறு என்று வரிக்கு வரி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே என்றார். இதை மேலே அனுப்பினால், உன் ஆட்கள் செய்த தப்புக்கு நாங்களா கியர்பாக்ஸ் தருவது என்று கேட்பார்கள். மாஸ்டர் இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வைத்த ஆப்பு, அவருக்கே வந்து சேர்ந்தது. கடைசியில் ஒரு தீர்வு சொன்னார்கள். வாரண்டியின் கடைசி இருபத்தைந்து நாளில் இந்த நோட்டில் கையெழுத்துப் போட்ட யாராவது ஒருவர் வந்து ஓட்ட வேண்டும். ஃபோர்மேன் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பார்ப்பார். கால் சரியாக இருந்து வண்டி நின்றால் அந்தக் கையெழுத்தெல்லாம் தள்ளுபடி, கியர்பாக்ஸ் இலவசம்.

அந்த இருபத்தைந்து நாளில் கற்றுக்கொண்டது மூன்றே பேர். ஒருவன் வேலை கிடைத்துக் கடல் கடந்து போய்விட்டான். இன்னொருவன் முடிதிருத்தும் கடைக்காரன். மாஸ்டர் குரலைக் கேட்டதும், வேறொரு ஸ்கூலில் பத்தே நாளில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். மூன்றாவது ஆள் மாஸ்டரின் மனைவி.

இங்கேதான் மாஸ்டருக்கு நிஜமாகவே வியர்த்தது.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துவர அங்கே ஒரு ஆள் தேவைப்பட்டது. கார் அவர்கள் கொடுப்பார்கள், ஓட்டத் தெரிந்தால் போதும், சம்பளமும் அதிகம். அதற்காகத்தான் கற்றுக்கொள்ள வந்தாள். முதல் இரண்டு நாள் தண்ணீர் மாதிரி ஓட்டினாள். அப்புறம் நிற்க ஆரம்பித்தது. பத்து நாளில் பத்தொன்பது தடவை. ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து. பெண்டாட்டி என்று சலுகை காட்டினால் ஸ்கூல் பெயர் என்னாவது? பத்தொன்பதாவது தடவை, பின் சீட்டில் முடிதிருத்துபவன் உட்கார்ந்திருக்க, உனக்கு இந்த ஜென்மத்தில் வராது என்று சொன்னார். அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள். அந்த வேலைக்கு வேறொருத்தி போனாள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழவில்லை. அவளுக்கே விருப்பம் விட்டுப்போய்விட்டது என்று மாஸ்டர் சௌகரியமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் துணி மடித்ததே இல்லை. என்ன வேணும் என்று அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் தவறை நொடியில் சொன்ன வாய், தன் தவறைச் சொல்ல வராமல் அடம்பிடித்தது. வண்டியில் ஏதோ சின்னச் சந்தேகம், சர்வீஸ்காரர்கள் யாராவது வேறொருவர் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், அவ்வளவுதான், எப்போதும் ஓட்டுகிற மாதிரி ஓட்டினால் போதும் என்று பூசி மெழுகினார். ஆயிரம் கேள்வி கேட்பாள் என்று பயந்தார். அவளோ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அவள் ஸ்டியரிங்கில், ஃபோர்மேன் பக்கத்தில், மாஸ்டர் பின்னால். சொந்தக் காரில் பின் சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வண்டி சூடேறட்டும் என்று அரை மணி நேரம் வெறும் ரோட்டில் ஓடவிட்டு, பிறகு ஊருக்குள் திருப்பினார்கள். இருபத்தெட்டு வருஷமாக வண்டி நிற்கக் கூடாது என்று கத்தியவர், இன்று நின்று தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

முதல் சிக்னல். வண்டி பூப்போல நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது சிக்னலிலும் அதே கதை. ஆஸ்பத்திரி சிக்னலில் பஸ் ஒன்று குறுக்கே வந்தது, அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அவள் முகம் கண்ணாடியில் தெரிந்தது. பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்த குழந்தையின் முகம். மாஸ்டருக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கியர்பாக்ஸ் கையைவிட்டுப் போவது தெரிந்தது.

அடுத்த சிவப்பு விளக்கில் ஃபோர்மேன் பின்னால் திரும்பினார். "அம்மாவும் ரெண்டு மிதி மிதிக்கறாங்க. இப்படி மிதிச்சா நிக்கவே நிக்காது. கோளாறு இல்லன்னு எழுதிடவா?"

மாஸ்டர் முன்னால் எட்டிப் பார்த்தார். நிஜம்தான். டப் டப். அவர் காலேதான்.

அவளுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. "இவர் கால பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன்," என்று ஃபோர்மேனிடம் சொன்னாள். "நான் ஓட்டறத விட்டப்புறம், இவர்கூட வண்டில போறப்பல்லாம் அதத்தான் பார்ப்பேன். எங்க தப்பு பண்றோம்னு தெரிஞ்சுக்கணும்ல."

விட்டுவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவளோ இத்தனை நாளும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர் காலிடம் பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு தடவ மிதிச்சாப் போதும்மா என்று மாஸ்டர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் சுலபமாக முடிந்துவிடாதா என்கிற நப்பாசை.

"மொதல்ல நான் ஒரு தடவதான் மிதிச்சேன்," என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே. "அதுக்குத்தான் இந்த ஜென்மத்துல வராதுன்னீங்க."

ஃபோர்மேன் ஜன்னல் வழியாக வெளியே எதையோ மிகவும் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். விளக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. மாஸ்டருக்கு வேறு போக்கிடம் இல்லை.

"வண்டிதான் கெட்டுப்போயிருந்துச்சு," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நீ மிதிச்சது சரி. பத்தொம்பது தடவையும் நீ ஓட்டினதுதான் சரி. தப்பு என்னுது."

அவள் திரும்பவில்லை. விளக்கு பச்சையானது. கியர் பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தது, வண்டி நகர்ந்தது. அடுத்த நாற்சந்தி நெருங்கியது. நாலு பக்கமும் நெரிசல். அவள் பிரேக்கைத் தொட்டாள், கிளட்ச்சை ஒரே மிதியாக, அடிவரை, புத்தகத்தில் படம் போட்ட மாதிரி மிதித்தாள்.

வண்டி ஒரு உதறு உதறிவிட்டு, நாற்சந்தியின் நட்டநடுவில் நின்றது.

"சுத்தமான மிதி," என்றார் ஃபோர்மேன். "காலில் குறை இல்லை, வண்டியில்தான் குறை" என்று முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கியர்பாக்ஸ் கிடைத்துவிட்டது. மாஸ்டர் சந்தோஷத்தில் சீட்டைத் தட்டினார், பின்னாலிருந்து கிளம்பிய ஹாரன் சத்தம் அவருக்கு மேளமாகக் கேட்டது. அப்புறம்தான் கவனித்தார். அவள் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

பஸ்காரன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். ஒரு வேன் தாண்டிப்போக வழியில்லாமல் உறுமியது. ஸ்டார்ட் பண்ணும்மா, பின்னாடி கத்தறாங்க என்றார் மாஸ்டர்.

"கத்தட்டும்." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப ஒண்ணு சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க."

"நீ ஓட்டினதுதான் சரி."

"எத்தன தடவ நின்னுச்சுன்னு சொன்னீங்க?"

"பத்தொம்பது."

"அத்தன தடவ சொல்லுங்க."

மாஸ்டர் ஃபோர்மேனைப் பார்த்தார். ஃபோர்மேன் கதவைத் திறந்து இறங்கி, நடுரோட்டில் நின்று கையைக் காட்டி மற்ற வண்டிகளை ஓரமாக அனுப்ப ஆரம்பித்தார். இதற்குக் கொஞ்ச நேரமாகும் என்று அவருக்கும் புரிந்திருந்தது. மாஸ்டர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டாள்.