சுந்தரிக்கு இரண்டு ஹாரன்

என் மனைவி சுந்தரி ஒரு நாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் எங்கள் தெருவில் மற்ற வீடுகளுக்கு ஒரு ஹாரன் அடிக்கும், எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு. "வர்றேன், வர்றேன், இன்னா அவசரம்" என்று ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டே ஓடுவாள். கம்பெனியில் அவள் தைக்கிற வேகத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். அதில் பாதி வேகத்தை வீட்டில் காட்டக் கூடாதா என்று நான் கிண்டல் செய்வேன்.

அவள் இறந்த மறுவாரமும் டிரைவர் அஹமது பாஷா இரண்டு ஹாரன் அடித்தார். கைப்பழக்கம். அடுத்த நாளும் அடித்தார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அரைத்தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் வீடு பழையபடி ஆகிவிடும். குழாயில் தண்ணீர் விழும். மல்லிகை வாசமும், அவள் புடவையில் போகவே போகாத ஷூ பசை வாசமும் சேர்ந்து வரும். டிபன் டப்பாவைத் தேடுவாள். "ஃபிரிட்ஜ் மேல இருக்கு" என்பேன், கண்ணைத் திறக்காமல். பஸ் நகர்ந்த பிறகுதான் அவள் இல்லை என்பது நினைவுக்கு வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே இந்த ஒரு வருஷமும் படுத்து எழுந்தேன்.

முதல் வருஷ நினைவுப் பூசைக்காக அவள் தம்பி அந்தோணி வாணியம்பாடியிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டான். காலையில் ஹாரனைக் கேட்டுப் பதறினான்.

"இன்னா மாமா இது, செத்துப்போன அக்காவ வாசல்ல நின்னு கூப்புடறாரு?"

சாயங்காலம் பஸ் திரும்பும்போது நிறுத்தி, இனி அடிக்கக் கூடாதென்று பாஷாவிடம் சொல்லிவிட்டான். நல்ல மனசுதான். ஆனால் எனக்கு அவனை வீட்டைவிட்டே துரத்தலாம் போலிருந்தது.

பூசை நாள் காலையில் கண்ணை மூடியபடி காத்திருந்தேன். பஸ் வந்தது. சத்தமில்லாமல் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. குழாயில் தண்ணீர் விழவில்லை. மல்லிகை வாசம் வரவில்லை.

லுங்கியோடு ஓடிப்போய் அடுத்த வீட்டு வாசலில் பஸ்ஸைப் பிடித்தேன். அந்தோணியும் பின்னாலேயே வந்தான்.

"மன்னிச்சுடுங்க இன்பராஜ்" என்றார் பாஷா. "இத்தன நாளும் கை தானா போய்ட்டுது. இனிமே அடிக்க மாட்டேன்."

"அடிங்க பாய்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவ இன்னும் கிளம்பல."

பாஷா அந்தோணியைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாஷா இரண்டு தடவை அடித்தார்.

பஸ்ஸுக்குள் ரஃபத் ஜஹான், இத்தனை வருஷம் சுந்தரியோடு ஒரே சீட்டில் போனவள், பக்கத்தில் வைத்திருந்த டிபன் பையை மடியில் எடுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.