நல்லம்மா வைத்த கையெழுத்து

சோமசேகரம் ஒரு தாளில் பேனையை ஊன்றினால் நடுக்கடலில் போகிற கப்பலும் மூச்சடக்கி நின்றுவிடும் என்று திருகோணமலையில் ஒரு கதை. கொழும்பிலே கப்பல் வழக்குகளையே பேசும் பெரிய சட்ட நிறுவனமொன்றின் சட்டத்தரணி அவர். தொண்ணூற்றொன்றில், இராணுவம் பிடித்துப்போனவர்களுக்காகச் சதமும் வாங்காமல் மாதம் ஒரு சனிக்கிழமை துறைமுகத்தடி மண்டபமொன்றில் வந்து உட்காருவார். வழியில் சோதனைச் சாவடிகள் ஆயிரம்; ஒன்றிரண்டு குறைந்தாலும் குறையலாம்.

அன்று முதல் ஆள் நல்லம்மா. கட்டைபறிச்சானிலிருந்து மூதூர் வந்து லாஞ்ச் படகு ஏறியவள். கணவன் தவராசாவை முகாமுக்குக் கொண்டுபோய் ஐந்து மாதம். ஆட்கொணர்வு மனு தயார்; திங்கட்கிழமை தாக்கல் செய்வதுதான் பாக்கி.

"கப்பலையே மறிச்ச ஐயாவுக்கு என்ர மனுசன் ஒரு சின்னத் தோணி," என்று சிரித்தாள்.

"கப்பலை ஒளிக்க ஏலாது, அம்மா. முகாமில தந்த கடதாசி ஏதும் இருந்தால் காட்டுங்கோ."

பையிலிருந்து ஒரு நகலை எடுத்தாள். "போன மாதம் அவருக்கு உடுக்கச் சாரமும் குளிக்கச் சவர்க்காரமும் குடுத்தனான். அதுக்குக் கையெழுத்துக் கேட்டவை. பெருவிரல் வைக்கச் சொன்னவை, நான் முழுப்பேரும் எழுதினனான். ஆமிக்காரனே அசந்துபோனான்!"

தாள் முழுக்கச் சிங்களம். சோமசேகரம் ஒருமுறை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்துத் தமிழில் சொன்னார்.

"தவராசாவைச் சுகமாக உங்களிட்ட ஒப்படைச்சாச்சு, நீங்கள் பாரமெடுத்திட்டீங்கள் எண்டு எழுதியிருக்கு."

"என்னட்டயோ? எப்ப?"

"போன மாதம் பத்தாம் திகதி."

"அப்ப கிழிச்சுப்போடுங்கோ, ஐயா."

"இது நகல். மூலம் அவையிட்ட."

மனுவில் ஒரு பந்தியைச் சேர்த்தார்: மனுதாரருக்குச் சிங்களம் தெரியாது, ஏமாற்றப்பட்டார். எழுதும்போதே விளங்கிவிட்டது. உயிரோடு வைத்திருக்கும் ஆளுக்காக எவனும் இப்படியொரு தாள் தேடமாட்டான்.

"நான் மட்டுமே விசரி?" என்றாள் நல்லம்மா. "அண்டைக்குச் சாமான் குடுத்த எல்லாரும் இப்பிடிக் கையெழுத்து வைச்சவை. அந்தா, வெளியில நிக்கினம்."

சோமசேகரம் நிமிர்ந்தார். வரிசை வாசலைத் தாண்டி, வீதியைத் தாண்டி, அவர் கண்ணுக்குக் கடலுக்குள்ளும் இறங்கிப் போயிருந்தது. அடுத்து நின்ற கிளிவெட்டிப் புஷ்பவதி, கேட்கும் முன்பே, நாலாக மடித்த தாளொன்றைப் பையிலிருந்து எடுத்து விரித்துக்கொண்டிருந்தாள்.