காய்த்த குத்துவாள்

லென்ஸ் அக்கா “அசல்தான்” என்று சொன்ன அன்று மாலையே, பல் டாக்டர் வீட்டுக் குத்துவாளின் கைப்பிடி துளிர்விட்டது. முதலில் ஒரு பச்சைப் புள்ளி. பாசி என்று நினைத்து டாக்டர் துடைத்தார். விடிந்து பார்த்தால் இரண்டு இலைகள்.

பழைய ராணுவக் குத்துவாள்களை மதிப்பிடுவதுதான் அக்காவின் தொழில். எப்போதும் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கும். அலகை வெளிச்சத்தில் சாய்ப்பார், உறையை முகர்வார், கைப்பிடி நுனிக் குமிழை நகத்தால் தட்டிக் காதருகே வைப்பார். அமிலத்தில் முக்கிப் பழசாக்கிய போலிகள் பக்கத்தில் வந்தாலே அவருக்கு மூக்கு அரிக்கும். “என்னையும் இப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு கட்டிக்கிட்டா” என்று அவருடைய கணவர் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார். அக்கா சொன்ன சொல்லை மாற்றியதாக அந்த வட்டாரத்தில் யாருக்கும் நினைவில்லை.

துளிர்த்தது ஒரு காலாட்படை அதிகாரியின் குத்துவாள், பேரிக்காய் மரக் கைப்பிடி போட்டது. டாக்டரின் தாத்தாவுக்கும் முந்திய காலத்து ஆயுதம். டாக்டருக்குத் தர்மசங்கடம். தண்ணீர் விட்டால் எஃகு துருப்பிடிக்கும், விடாவிட்டால் இலை வாடும். கடைசியில் பல்லுக்கு மருந்து ஏற்றும் ஊசியால் இலைக்காம்பில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, அலகுக்கு எண்ணெய் தடவினார். குத்துவாளும் குறை சொல்லாமல் வளர்ந்தது. பங்குனி வெயிலில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பல்லைக் காட்ட வந்தவர்கள் வலியை மறந்து வரவேற்பறையில் உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருந்தார்கள்.

சேகரிப்பாளர் சங்கத் தலைவருக்குத்தான் இது பிடிக்கவில்லை. ஓய்வுபெற்ற கேப்டன், மீசையை மெழுகு போட்டு முறுக்குபவர். கூட்டத்தில் எழுந்து அக்காவைப் பார்த்து, “செத்த மரம் துளிர்க்காதும்மா. துளிர்க்குதுன்னா அது புது மரம். புது மரம்னா போலி. ஒண்ணு, தப்பா சொல்லிட்டேன்னு ஒத்துக்குங்க, இல்லேன்னா இனிமே நம்ம கண்காட்சியில உங்க மதிப்பீடு செல்லாது” என்றார்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. தலைவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவருக்கு வலித்தது. வீட்டுக்குப் போகாமல் நேராக டாக்டர் வீட்டுக்குப் போய்க் கிளைகளை ஒதுக்கி மறுபடி பார்த்தார். கைப்பிடியை யாரும் எந்தக் காலத்திலும் கழற்றியதற்கான கீறல்கூட இல்லை. மரம் பழையது, மரம் உயிரோடும் இருக்கிறது, இரண்டும் உண்மை. ஆனால் அதை மற்றவர்கள் கண்ணுக்குக் காட்ட வேண்டுமென்றால் கூடப் பிறந்த உறை வேண்டும். அலகிலும் உறையின் வாயிலும் ஒரே படைப்பிரிவு எண் வெட்டியிருக்கும்.

“உறை எங்க டாக்டர்?”

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “தம்பிகிட்ட இருக்கு. அப்பா போனப்போ ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல. நான் வாளை எடுத்துக்கிட்டேன், அவன் உறையை எடுத்துக்கிட்டான். அதுக்கப்புறம் பேச்சே இல்ல.”

தம்பி கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அக்கா போய் நின்றதும், அப்படி ஒரு உறையே தன்னிடம் இல்லை என்று அடித்துச் சொன்னார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மேசை இழுப்பறைக்குள்ளிருந்து “ம்மா” என்று ஒரு குரல் கேட்டது. தம்பியின் காது சிவந்தது. இழுப்பறையைத் திறந்தார். உள்ளே கன்றுத் தோலில் தைத்த பழைய உறை.

“அண்ணன் வீட்டு வாள் பூ விட்ட நாள்லேர்ந்து இப்படித்தான் கத்துது அக்கா. கன்னுக்குட்டி வளர்க்கிறீங்களான்னு வர்றவங்க எல்லாம் கேக்கிறாங்க. ஒருத்தர் வைக்கோலே கொண்டுவந்து கொடுத்துட்டார்.”

“தேடுது தம்பி, வேற என்ன? கிளம்புங்க.”

“அவன் கூப்பிடட்டும்.”

உறை இன்னொரு முறை கத்தியது. இந்த முறை பரிதாபமாக. தம்பி சட்டையை மாட்டிக்கொண்டார்.

சங்கக் கூடத்தில் நிற்க இடமில்லை. அண்ணனும் தம்பியும் மேசையின் இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். அக்கா லென்ஸைத் தலைவரிடமே நீட்டினார். அவர் அலகின் எண்ணைப் படித்தார், உறையின் எண்ணைப் படித்தார், மீசையைத் தடவினார், மறுபடி படித்தார். ஒரே எண். அக்கா வாளை உறைக்குள் விட்டதும் பால் குடித்த கன்று போல உறை ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அந்த அமைதியில் அண்ணன்தான் முதலில் வாய்திறந்தார்.

“என்னடா இப்படி இளைச்சுட்ட?”

“உனக்கு மட்டும் என்ன, தலையில ஒரு முடி இல்ல!”

கூடம் சிரித்த சிரிப்பில் பூக்கள் உதிர்ந்து மேசை வெள்ளையானது. அக்கா லென்ஸைத் திருப்பி வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அந்த வருஷமே குத்துவாள் காய்த்தது. பழம் சின்னதுதான், ஆனால் தேன். அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. காய்க்கும் மாதம் யாருக்கு என்பதில் மட்டும் இன்றுவரை செல்லச் சண்டை. சங்கம் தன் விதியில் “பூக்கும் வகை” என்று ஒரு பிரிவைச் சேர்த்துக்கொண்டது. மரக் கைப்பிடி வைத்திருக்கும் உறுப்பினர்கள் காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தலைவரிடம் இருப்பது மான் கொம்புக் கைப்பிடி. அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அலமாரிக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, பக்கத்தில் தினமும் ஒரு பிடி பசும்புல் வைக்கிறார்.