பொத்தான் உருளாத தெரு

அந்தத் தெருவில் கீழே வைத்த எந்தப் பொருளும் வைத்த இடத்தில் நிற்காது. உருண்டு கடைவீதிக்குப் போய்விடும். உருளைக்கிழங்கு போகும், எண்ணெய்ப் புட்டி போகும். ஒரு மத்தியானம் வெல்டரின் இரும்புக் கட்டில், அவர் அதில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டுப் போய் மருந்துக்கடை வாசலில் நின்றது. கடைக்காரர் எழுப்பி, மாத்திரை ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். தெருக்காரர்கள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கட்டில் காலுக்குச் சங்கிலி போட்டார்கள், சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்கள், தவழும் வயதுக் குழந்தையின் இடுப்பில் பழைய துணியைக் கட்டி மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து வேலை தேடும் வயது வந்ததும் அவர்களும் அதே திசையில்தான் போனார்கள். அந்த நீளத்துக்கு யாரிடமும் துணி இல்லை.

இந்தச் சரிவுக்கு என்ன காரணம் என்று பார்க்க நகராட்சி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியும் ஒருமுறை வந்தார். தரை மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டையைத் தெருவில் வைத்துவிட்டுக் குனிந்தார். அவர் குனிந்து முடிப்பதற்குள் கட்டை கடைவீதிக்குப் போய்விட்டது. அதன் பின்னாலேயே ஓடியவர் திரும்பி வரவில்லை.

தெருவின் நடுவில் பொத்தான்காரி குடியிருந்தாள். கடைவீதித் துணிக்கடைக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. அங்கேயே மூட்டை தூக்குவது அவள் கணவனின் வேலை. ஆள் மலை மாதிரி இருப்பான், மனசு பஞ்சு. அவர்களுடைய மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் இடுப்புத் துணி இற்றுப்போய் அறுந்தது. குழந்தை கைதட்டிச் சிரித்துக்கொண்டே வழுக்கிப் போயிற்று. லாரிகள் ஓடும் சாலைக்கு நாலடி முன்னால் பால்காரம்மா கால் கொலுசோடு பிடித்துத் தூக்கினாள். அன்று கணவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“போதும். எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம். அங்க தரையாவது சமமா இருக்கும்.”

“தரை சமம்தாங்க. ஆனா ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட உங்க அண்ணி முகத்தைப் பாத்துட்டுல்ல குடிக்கணும்?”

“பாத்தா என்ன, தேஞ்சா போயிடுவ? மழைக்காலம் வரைக்கும்தான் பொறுப்பேன். தண்ணி ஓட ஆரம்பிச்சா புள்ளையை வந்து தூக்கிட்டுப் போயிடுவேன், சொல்லிட்டேன்.”

அவன் மட்டும் முன்னால், கடைவீதியை ஒட்டி இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனான். பெட்டியைச் சுமக்கும் சிரமம்கூட இல்லை. வாசலில் வைத்தான், அதுவே போயிற்று. அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில் ஒழுகாத இடம் அடுப்படி மட்டும்தான் என்றாலும், கதவைச் சாத்தி அழ அவளுக்கென்று இருந்த ஒரே வீடு அது.

அந்த வாரம்தான் பால்காரம்மாவின் மாடு வெல்டரின் புதுச் சட்டையைத் தின்றது. தெருவின் மேல்முனையில் முள் மண்டிய ஒரு காலி மனை உண்டு. அவர் சட்டையை அங்கே காயப்போட்டிருந்தார். ஒற்றைக் கையை மட்டும் மாடு மிச்சம் வைத்தது. வெல்டர் வாய்க்கு வந்தபடி பேச, பால்காரம்மா மாட்டின் பரம்பரைப் பெருமையை எடுத்துவிட, வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டு மேல்முனைக்கு ஓடியது. தலைக்கு மேல் வேலை கிடந்ததால் பொத்தான்காரி மட்டும் போகவில்லை. கையிலிருந்து ஒரு பொத்தான் நழுவியது. பழக்கதோஷத்தில் காலை நீட்டி அணை போட்டாள். பொத்தான் காலுக்கு வரவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் முடிச்சை அவிழ்த்தாள். குழந்தை சுவர் வரைக்கும் தவழ்ந்து, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. சண்டை ஓய்ந்து ஆட்கள் இறங்கியதும் பொத்தான் மெல்ல அசைந்து வாசலைத் தாண்டியது. அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். தெரு, ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து பிள்ளைகள் ஏறி இறங்கும் பலகை போன்றதுதான் என்று அவளுக்குப் பட்டது. முடிவெட்ட, டீ குடிக்க, சம்பாதிக்க என்று எல்லாரும் எப்போதும் கடைவீதி முனையிலேயே நின்றால் பலகை வேறு எந்தப் பக்கம் சாயும்?

மறுநாள் காலையில் பால்காரம்மா வீட்டுக்குப் போனாள்.

“அக்கா, இன்னிக்கும் ஒரு சண்டை போடணும்.”

“யாரோடடி?”

“வெல்டர் அண்ணனோடதான்.”

“அவரு நேத்தே சமாதானம் ஆயிட்டாரே. பாவம், தங்கமான மனுஷன்.”

விஷயத்தைக் கேட்டபின் குழந்தைக்காக ஒப்புக்கொண்டாள். சில நாட்கள் மேல்முனையில் ஜோராகச் சண்டை நடந்தது. ஆனால் உள்ளே கோபம் இல்லாத சண்டை உப்பில்லாத சோறு. திட்டிக்கொண்டிருக்கும்போதே வெல்டர், மாட்டின் கால் வீக்கம் வற்றிவிட்டதா என்று விசாரித்துத் தொலைத்தார். கூட்டம் கொட்டாவி விட்டபடி கலைந்தது.

மேல்முனையில் வேறு வேலை வேண்டும் என்று பொத்தான்காரி முடிவு செய்தாள். குழந்தையையும் தையல் கூடையையும் தூக்கிக்கொண்டு போய்க் காலி மனையில் உட்கார்ந்தாள். முள் குத்துகிறதே என்று வெல்டர் புதரை வெட்டினார். வெட்டிய இடத்தில் கூரை போட்டார். தனித்தனி வீட்டில் பொத்தான் தைத்த பெண்கள் அங்கே ஒன்றாக உட்கார்ந்தார்கள். வெட்ட ஒருத்தி, தைக்க ஒருத்தி என்று ஆகி முழுச் சட்டையே வெளிவந்தது. வேண்டுமானால் துணிக்கடைக்காரர் மேலே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். கடைவீதியில் நாற்காலிக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்த முடிதிருத்துபவர் சொந்த நாற்காலியோடு வந்து சேர்ந்தார். தண்ணீர்க் குழாய் கேட்டுத் தெருவே அலுவலகத்துக்குப் போனது. காணாமல் போன ரசமட்டக் கட்டையைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டு அதிகாரியிடம் நீட்டினார்கள். அவர் முகம் சிவந்து குழாய்க்குக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் மேல்முனை ஒரு விரற்கடை தாழ்ந்தது.

முதல் மழை கொட்டிய அன்று கணவன் குழந்தையைத் தூக்கிப்போக வந்தான். வழக்கமாக முழங்கால் அளவுக்கு வேகமாய் வரும் தண்ணீரை எதிர்பார்த்து வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். தண்ணீர் வரவில்லை. அங்கங்கே சமர்த்தாகத் தேங்கி, வெல்டர் வெட்டிய கால்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. கூரைக்கு அடியில் அவன் மகள் கட்டு எதுவும் இல்லாமல் தவழ்ந்து, அவனைப் பார்த்ததும் நின்றாள்.

பொத்தான்காரி ஒரு பொத்தானை எடுத்துத் தரையில் நிறுத்தி வைத்தாள். அது நின்றது. அவன் வெகுநேரம் அதையே பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெட்டி அங்கல்ல இருக்கு,” என்றான்.

“நீங்க வந்து உக்காருங்க. அதுவே வரும்.”

அவன் போய் மேல்முனையில் உட்கார்ந்தான். மலை மாதிரி ஆள் அல்லவா, தெரு அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. சற்று நேரத்தில் கடைவீதியிலிருந்து அவனுடைய பெட்டி உருண்டு வந்தது. பின்னாலேயே இரண்டு பூசணிக்காய், மருந்துக்கடைக்காரரின் முக்காலி, போன வருஷம் வேலை தேடிப்போன வெல்டரின் மகன், எல்லாரும் வந்தார்கள். மகனை வைத்துக்கொண்டு, மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தவர் பொருள் நமக்கு எதற்கு என்று, தெரு அந்தப் பக்கமும் சாயாதபடி முறை வைத்து ஒவ்வொருவராகக் கீழ்முனையில் போய் நின்றுவிட்டு வருகிறார்கள். பொத்தான்காரியின் கணவன் முறை வரும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் தெரு நடுவில் குந்தி ஒரு பொத்தானை நிறுத்தி வைத்துப் பார்த்து, “அப்பா, இன்னும் ரெண்டடி தள்ளி நில்லுங்க!” என்று கத்துவாள். அவன் தள்ளி நிற்பான்.