நின்று பார்த்துவிட்டு

"மூச்ச உள்ள இழுக்காத, வெளிய விடு," என்று சொல்லிக்கொண்டே அவள் தம்பியின் லைஃப் ஜாக்கெட் வாரைப் பிடித்து இழுத்தாள். தொப்பை ஒத்துழைக்கவில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, ஊரான் ஆபத்துக்கெல்லாம் விலை போட்டு வளர்த்த தொப்பை அது.

"வலிக்குதுக்கா."

"வலிச்சாதான் ஒழுங்கா கட்டியிருக்குன்னு அர்த்தம்."

படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைப் பார்க்கப் பஸ்ஸில் வந்து இறங்குகிறவனைக் கூட்டிக்கொண்டு போகத்தான் காலையில் அவள் வேனை எடுத்துக்கொண்டு மேல்பாலத்துக்கு வந்தாள். அவனை ஏற்றிக்கொண்டு திரும்பினால் காட்டுச்சாலையைக் காணோம். மழையில் ஊறிக் கிடந்த சரிவு மொத்தமாக இறங்கிச் சாலையை மூடியிருந்தது. சேறு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. கால் வைக்க முடியாது. சுற்றுவழியில் போனால் வீடு போய்ச்சேர இருட்டிவிடும். என்ன செய்வதென்று பாலத்தடிக்கே வந்து நின்றபோது அம்மா போன் செய்தாள். அப்பாவுக்கு மூச்சு மாறிவிட்டதாம். மத்தியானம் தாண்டுவது கஷ்டம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாளாம்.

"தம்பி எங்கடி? அவனத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு," என்றாள் அம்மா.

வீடு இருப்பது கீழே, ஆறு காட்டை விட்டு வெளியே வருகிற இடத்தில். படகு ஷெட் இருப்பது இங்கே, மேல்பாலத்தில். நடுவில் ஆறு. அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

"ஆத்துல வரோம்னு சொல்லும்மா," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இந்த ஆற்றில் ஆட்களைக் கயாக் என்கிற துடுப்புப் படகில் கூட்டிப்போவது அவள் தொழில். அப்பா வேன் ஓட்டினார். காலையில் ஆட்களையும் படகுகளையும் மேலே இறக்கிவிட்டு, காலி வேனோடு கீழே போய்க் கரையில் காத்திருப்பார். கடைசிப் படகு வந்து ஒதுங்கும்வரை சாப்பிடக்கூட மாட்டார். ஆனால் ஆயுசில் ஒரு நாளும் படகில் ஏறியதில்லை. "நாலு சக்கரம் இருக்கறதே நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குது, சக்கரமே இல்லாததுல நான் ஏன் ஏறணும்?" என்பார்.

பாலத்துத் தூணில் மஞ்சள் கோடு ஒன்றும் சிவப்புக் கோடு ஒன்றும் உண்டு. தண்ணீர் மஞ்சளுக்குக் கீழே இருந்தால் ஆறு முழுக்கக் கல்தான். படகைப் பாதி தூரம் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மஞ்சளைத் தொட்டால் கொண்டாட்டம். சிவப்பைத் தொட்டால் ஷெட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். இப்போது தண்ணீர் இரண்டுக்கும் நடுவில், டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சுள்ளியும் இலையும் மிதந்து வந்தன. அப்படி வந்தால் இன்னும் ஏறுகிறது என்று அர்த்தம்.

"ஏறட்டும்க்கா. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" தம்பி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னான்.

"அதெல்லாம் உன் ஆபீஸ்ல. இங்க சாண் வேற, முழம் வேற. உட்காரு."

இரண்டு பேர் உட்காரும் கயாக்கை இறக்கி அவனை முன்னால் உட்கார வைத்தாள். தண்ணீர் உள்ளே புகாமல் இடுப்பைச் சுற்றி மாட்டுகிற ரப்பர் துணிக்குத் தொழிலில் பாவாடை என்று பேர். அதை மாட்டிக்கொண்டு அவன் குனிந்து பார்த்தான்.

"கடைசியா அப்பாவப் பாக்கப் போறேன், பாவாடையோட."

"ரெண்டு பொண்ணு பெத்தோம்னு சந்தோஷப்படுவாரு, விடு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைப் பார்க்காதவள் மாதிரி கரையைத் துடுப்பால் உந்தினாள்.

முதல் வளைவிலேயே ஆறு அவர்களைப் பிடுங்கிக்கொண்டது. "வலது அடி! இன்னும்! நிறுத்து! சாயாத, தண்ணி வர்ற பக்கம் சாயாத!" அவள் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். அலை எழுந்து அவன் மூஞ்சியில் அறைந்தது. கோடையில் வெளியே கிடந்து படகைக் கிழிக்கும் பாறைகளெல்லாம் இன்று தண்ணீருக்குள் போயிருந்தன. எது எங்கே இருக்கிறது என்று அவள் இடுப்புக்குத் தெரியும். பயமே இல்லை அவளுக்கு. சொல்லப்போனால் பெருமையாகக்கூட இருந்தது. சாலையால் முடியாததை நான் செய்கிறேன் பார், அவனைக் கொண்டுவந்து உன் முன்னால் நிறுத்துகிறேன் பார் என்று மனசுக்குள் அப்பாவிடம் பேசிக்கொண்டே வந்தாள்.

பெரிய அலை ஒன்றின் மேல் ஏறி இறங்கியபோது தம்பி "ஊ!" என்று கூவிவிட்டான். கூவிவிட்டு வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டான்.

"கத்துடா. ஒண்ணும் தப்பில்ல," என்றாள்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் அவள் படகைச் சட்டென்று இடது கரைக்குத் திருப்பினாள். பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கி நின்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பாவாடையைக் கழற்றினாள்.

"என்னக்கா? ஏன் நிறுத்திட்ட?"

"கீழ தொண்டை. பாத்துட்டு வரேன்."

தொண்டை என்பது இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆறு மொத்தமும் நெரிபட்டு விழுகிற இடம். அதற்கு மேலே படகிலிருந்து பார்த்தால் கீழே இருப்பது தெரியாது. இந்தத் தண்ணீருக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவாள். ஆனால் மரம் விழுந்த நாட்களில் கட்டை ஏதாவது அடித்துக்கொண்டு வந்து அதன் வாயில் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. வடிகட்டியில் தேயிலை ஒட்டிக்கொள்கிற மாதிரிதான். மழை பெய்த அடுத்த நாள் நின்று பார்க்காமல் தொண்டையில் இறங்குவதில்லை என்பது இந்த ஆற்றில் தொழில் செய்கிற எல்லாரும் வைத்திருக்கிற கட்டுப்பாடு.

"அக்கா, அங்க அப்பா போயிட்டிருக்காரு. உனக்கு இப்ப வேடிக்கை பாக்கணுமா? எத்தன ஆயிரம் தடவ இறங்கியிருக்க!"

"அத்தன தடவையும் பாத்துட்டுதான் இறங்கினேன்."

"கட்டையெல்லாம் இருக்காதுக்கா. வா, போயிடலாம். ப்ளீஸ்."

அவளுக்கும் போய்விட வேண்டும் போலத்தான் இருந்தது. படகில் குதித்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, அப்பா என்று கத்திக்கொண்டே போய்விட வேண்டும் போலிருந்தது. கால் போகலாம் என்றது. அவள் காலின் பேச்சைக் கேட்கவில்லை. வழுக்குகிற வேர்களைப் பிடித்துப் பிடித்துப் பாறை மேல் ஏறினாள். நுரையில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு முறிந்த கிளையை எடுத்துத் தொண்டைக்கு மேலே ஆற்றில் போட்டு, அது போகிற வழியைப் பார்த்தாள். கிளை உள்ளே போனது, வெளியே வரவில்லை. அங்கேயே நின்றாள். கீழே தம்பி அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய், பிறகு திட்ட ஆரம்பித்தான். கடைசியில் கிளை வெகு தூரத்தில், நல்ல வழியில், முழுசாக மேலே வந்தது. சந்தேகம் தீர இன்னொரு கிளையைப் போட்டாள். அதுவும் வந்தது.

இறங்கி வந்தாள். "ஒண்ணுமில்ல. வழி சுத்தமா இருக்கு."

அவன் துடுப்பை எடுத்துக்கொண்டான்.

தொண்டை அவர்களை விழுங்கித் துப்பியது. அவ்வளவுதான், எச்சில் விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குக் கீழே ஆறு அகன்று, சோம்பேறித்தனமாக ஓடுகிற நீளமான பகுதி. அங்கே இரண்டு பேரும் வெறி பிடித்த மாதிரித் துடுப்புப் போட்டார்கள். தோள் எரிந்தது.

வீட்டுக் கரையில் யாரும் இல்லை. வழியைப் பார்த்துக்கொண்டு அம்மா படியில் நிற்பாள் என்று அவள் நினைத்திருந்தாள். படகைப் பாதி மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

அம்மா கட்டிலோரத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"இப்பதான்," என்றாள் அம்மா. "கை இன்னும் சூடா இருக்கு. வா, தொட்டுப் பாரு."

தம்பி தொட்டான். விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டான். பிறகு திரும்பாமலே சொன்னான்: "அங்க கட்டையே இல்லக்கா."

"இல்ல."

"நிக்காம வந்திருந்தா பாத்திருப்பேன்."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை. "ஆமா. பாத்திருப்ப," என்றாள். "ஆனா நாளைக்கே இதே தண்ணி வந்தாலும் நான் நின்னுதான் பாப்பேன். என்னால வேற மாதிரி வர முடியாதுடா." ஆற்றில் வராத அழுகை இப்போது மொத்தமாக வந்தது.

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆத்துல வராங்கன்னு சொன்னதும் கண்ணத் தொறந்தாரு," என்றாள். "யாரு ஓட்டறதுன்னு கேட்டாரு. பெரியவதான்னேன். 'அவளா? அப்ப லேட்டாதான் வருவா. தொண்டைக்கு முன்னாடியே படக நிறுத்தி, பாறை மேல ஏறி, குச்சியப் போட்டுப் பாத்துட்டுதான் வருவா. பையன் கத்துவான், அவ காதுல ஏறாது'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. சிரிச்சாருடி, நல்லாவே சிரிச்சாரு. அதுவரைக்கும் முழிச்சுக்கிட்டு இருக்கணும், இருக்கணும்னு தவிச்சவரு, அப்புறம் தவிக்கல. 'வந்ததும் எழுப்பு'ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டாரு."

தம்பி கட்டிலோரம் மண்டி போட்டான். அப்பாவின் தோளை, நிஜமாகவே தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி, மெதுவாக இரண்டு தரம் தட்டினான்.

"வந்துட்டோம்ப்பா."

இரண்டு பேர் உடம்பிலிருந்தும் ஆற்றுத் தண்ணீர் சொட்டித் தரையில் ஓடி, கட்டிலுக்கு அடியில் போய்த் தேங்கியது. துடைக்க அம்மா துணி எடுக்கவில்லை.