நான்காம் வழியின் இறக்கம்

அந்த ஆற்றோர ஊருக்குச் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் சைக்கிளுக்காக வருவதில்லை, வழிக்காரர் எழுதிய தாளுக்காக வருகிறார்கள். வழிக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். ஊரைச் சுற்றி ஏழு வழிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு, எந்தத் திருப்பத்தில் ஆறு தெரியும், எங்கே நிழல் உண்டு, எந்த மேட்டில் கௌரவம் பார்க்காமல் இறங்கித் தள்ள வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருந்தார் மனிதர். படித்தால் காலில் வலி இருக்கிறவனுக்கும் ஒரு மிதி மிதிக்கலாமே என்று தோன்றும்.

வாடகைக் கடை அவர் மனைவியுடையது. பஞ்சர் ஒட்டுவது, பிரேக் இறுக்குவது, கோணலான சக்கரத்தை நிமிர்த்துவது எல்லாம் அவள் கை. இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு சட்டம்தான். வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும், முதல் ஆள் வாடகைக்கு வருவதற்கு முன்னால், ஏழு வழிகளையும் முழுசாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பார்த்த பிறகு தாளின் அடியில் ‘ஓட்டிப் பார்த்தது’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்து. கையெழுத்து இல்லாத தாள் கடைப்படி தாண்டாது. ஓட்டிப் பார்ப்பது எப்போதும் அவர் பாடு.

இந்த வருஷமும் ஏழு தாளிலும் கையெழுத்து இருந்தது. ஏழில் ஒன்றைக்கூட அவர் ஓட்டவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார், தெரு அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அச்சகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து ஊர் டாக்டரிடம் போனார். காதுக்குள் கோளாறு, சரியாகலாம், ஆகாமலும் போகலாம், சைக்கிளைத் தொடாதீர்கள் என்றார் டாக்டர். வீட்டில் மூச்சு விடவில்லை. பிறகு ஏழு நாள் காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், மூடிக்கிடந்த கிடங்குக்குப் பின்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கிளம்பும்போது இரண்டு டயரிலும் சேற்றை அள்ளிப் பூசிக்கொண்டு திரும்பினார். அறுபது வயது ஆளுக்கு இது தேவையா? "எந்தச் சேத்துலதான் போய் விழுந்து எழுந்து வரீங்களோ," என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் அந்த டயர்களைக் கழுவி வைத்தாள்.

சொன்னால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. "சரி, நான் ஓட்டிட்டு வரேன்," என்று அவள் கிளம்பியிருப்பாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கடை அவளுடையது, கைத்தொழில் அவளுடையது. வழி ஒன்றுதான் அவருடையது.

சனிக்கிழமை காலையில் ஒரு அக்காளும் தங்கையும் வந்தார்கள். அக்காள் ஓய்வுபெற்ற நர்ஸ், தங்கை சைக்கிள் பழகி ஒரு வருஷம்தான் ஆகிறது. நான்காம் வழித் தாளை வாங்கி அக்காள் சத்தமாகப் படித்தாள்: "ஆறாவது கிலோமீட்டரில் இறக்கம். பிரேக்கைத் தொட வேண்டாம், என்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இறங்குங்கள். கீழே வளைவு தாண்டியதும் மரப்பாலம் உங்களை ஏந்திக்கொள்ளும்." படித்துவிட்டு, "இதுக்காகவே வந்தோம் சார்," என்றாள். வழிக்காரருக்கு முகமெல்லாம் பல்.

அவர்கள் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாய்க்கால் மதகைப் பார்த்துக்கொள்கிறவர் போன் செய்தார். மனைவி கை நிறைய கிரீஸ், ஸ்பீக்கரில் போட்டாள்.

"செயின் அறுந்துபோச்சும்மா, புதுசு ஒண்ணு எடுத்து வைங்க. நடந்துதான் வரணும், அதுவும் சுத்திக்கிட்டு. மரப்பாலத்தப் பிரிச்சுப் போட்டு பன்னெண்டு நாளாச்சே."

"எந்த மரப்பாலம்?"

"இறக்கத்துக்குக் கீழ, வாய்க்கா மேல இருக்குதே, அதான். குறுக்க கட்டியிருந்த கம்பக்கூட எவனோ விறகுக்கு உருவிட்டுப் போயிட்டான். ஏன், வீட்டுக்காரரு போன வாரம்தான வழி பாக்கப் போனாரு, சொல்லலியா?"

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாயைத் திறந்தார், வந்தது என்னவோ வேறு.

"பாத்தேன், பாத்தேன். வாயால சொல்லித்தான் அனுப்பியிருக்கேன்."

அவள் நம்பிவிட்டாள். முப்பது வருஷமாக அந்தக் கையெழுத்தை நம்புகிறவள், வாய்ச்சொல்லை நம்பமாட்டாளா? குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். அவர் மேஜைக்குப் பின்னால் திரும்பி நின்று அக்காளின் எண்ணை ரகசியமாக அழுத்தினார். ஆற்றுப் பள்ளத்தில் சிக்னல் ஏது? கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் போனது, ஆறு போனது. ஏழாவது நிமிஷம் வாசலில் நின்ற சைக்கிளை எடுத்தார்.

"எங்கங்க திடீர்னு?"

"சும்மா, ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

ஏறி உட்கார்ந்து நாலு மிதி மிதித்தார். ஐந்தாவது மிதியில் தெரு சாய்ந்தது. எதிரே இருந்த பெயின்ட் கடையின் டப்பா அடுக்கில் போய் விழுந்தார், டப்பாக்கள் கடகடவென்று தெருவெல்லாம் உருண்டன. அவள் ஓடி வந்து தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

"அய்யோ, என்னங்க ஆச்சு?"

"நான் சொல்லல," என்றார் படுத்தபடியே. "அவங்ககிட்ட சொல்லவே இல்ல. பாலத்தப் பிரிச்சதே எனக்குத் தெரியாது. நான் அந்த வழிய ஓட்டல."

அவள் கை ஒரு கணம் அவர் தலையடியில் அப்படியே நின்றது. பிறகு தலையைத் தரையில் வைத்துவிட்டு, விழுந்துகிடந்த சைக்கிளை நிமிர்த்தி ஏறிப் போய்விட்டாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

பெயின்ட் கடைக்காரர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார். வாடகை நோட்டு எதிரே திறந்து கிடந்தது. இரண்டாம் வழியில் கல்லூரிப் பிள்ளைகள் மூவர் போயிருந்தார்கள். ஆறாம் வழியில் கல்யாணமாகி ஒரு மாதமே ஆன ஜோடி. எண்கள் இருந்தன, அந்த வழிகளில் சிக்னலும் உண்டு. போனைக் கையில் எடுத்தார். பேசினால் ஏழும் வெளியே வந்துவிடும், பேசாவிட்டால் ஒன்றோடு போகும். நாலில் பாலம் போனதால் மற்றதிலும் போயிருக்க வேண்டுமா என்ன? போனைக் கீழே வைத்தார். நெஞ்சு அறிந்தே வைத்தார், அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. முதலில் மனைவி இறங்கினாள். அடுத்து தங்கை, அழுது முகம் வீங்கியிருந்தது. கடைசியாக அக்காள் இறங்கினாள், இடது கையை மடித்துத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தாள். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் உரிந்திருந்தது. பிரேக்கைத் தொடாமல் இறங்கியிருக்கிறாள், அவர் எழுதியது போலவே. வாய்க்காலில் முழங்கால் அளவுதான் தண்ணீர், மேலே வந்து விழுந்த சைக்கிள் நல்ல வேளையாகத் தலையில் விழவில்லை. தங்கைக்கு எப்போதும் பயம், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்ததால் தப்பித்தாள்.

வழிக்காரர் எழுந்து நின்றார்.

"உக்காருங்க சார், நீங்க ஏன் இப்படிப் பதறுறீங்க?" என்று சிரித்தாள் நர்ஸ். அடிபட்டவள் அவள், தைரியம் சொல்வதும் அவள். "மணிக்கட்டுதான். நான் பாக்காத முறிவா? நீங்க ஓட்டிப் பாத்த மறுநாளே பிரிச்சிருப்பாங்க, பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க மேல தப்பே இல்ல."

மனைவி வண்டி அருகிலேயே நின்றாள். வழியில் அவள் எதையும் சொல்லவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. ‘ஆமாம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அடங்கிவிடும்.

"இல்லம்மா," என்றார். "தப்பு என்னோடதுதான். நான் அந்தப் பக்கமே போகல. போகாமலே கையெழுத்துப் போட்டேன்."

நர்ஸ் அவரையே பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "உங்களை நம்பித்தான பிரேக்க விட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வண்டி மறைந்ததும் மனைவி கேட்டாள். "நாலு மட்டுந்தானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு அது போதும். சுவரில் மாட்டியிருந்த ஏழு அசல் தாள்களையும் ஒரு தடவை பார்த்தாள். போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்களே பேசுங்க. நான் பேச மாட்டேன்."

பேசினார். முதலில் கல்லூரிப் பிள்ளைகள், பிறகு அந்த ஜோடி. "நான் ஓட்டிப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். மேல போகாதீங்க, வந்த வழியே திரும்பி வாங்க," என்று இரண்டு தடவை ஒரே மாதிரி சொன்னார். ஒருவன் சிரித்தான். அந்தப் பெண் திட்டினாள், திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை.

அவர் போனை வைக்கும்வரை காத்திருந்து, அவள் எதிரே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தலை சுத்தறது எப்பலேந்து?"

"நாலு மாசமா."

"நாலு மாசமா," என்றாள். கண் கலங்கிவிட்டது, துடைக்கவும் இல்லை. "நாலு மாசமும் நான் பக்கத்துலதான படுத்திருந்தேன். என்ன எதுக்கு வெச்சிருக்கீங்க?"

அவள் எழுந்து ஏழு தாள்களையும் சுவரிலிருந்து கழற்றினாள்.