ஜாடியில் இருந்த பளிங்குப் பொடி

என் ஆய்வு மாணவன் செல்வின் எண்களில் கை வைக்கிறான் என்று ஜூனிலிருந்தே எனக்குச் சந்தேகம். முத்துச்சிப்பி ஓட்டின் ஐசோடோப்பை அளந்து கடல்வெப்பத்தைக் கணக்கிடுவது அவன் ஆய்வு. அவன் கணக்கில் கடல் திடீரென்று இரண்டு டிகிரி ஏறிவிட்டது. தூத்துக்குடியில் வெயில் கொளுத்தும்தான், அதற்காக இப்படியா?

"ஸ்டாண்டர்ட் மேலதான் டவுட்டு மேடம்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்டாண்டர்ட் என்பது நான் கையால் அரைத்த பளிங்குப் பொடி. கடையில் எடைக்கல் மாதிரி, மற்றதையெல்லாம் அதை வைத்துத்தான் அளக்கிறோம்.

"எட்டு வருசமா தப்பாத பொடி, ஒனக்கு மட்டும் தப்புதாலே?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஜாடியில மேல கொஞ்சம், அடியில கொஞ்சம் எடுத்து மெஷின்ல ஓட்டிப் பாக்கட்டுமா மேடம்?"

"நீ தொடாத. நானே பாக்கேன்."

பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம் கையெழுத்தோடு என் கைப்பையில் இருந்தது. இரண்டே வரி: செல்வினுடைய அளவுகளை நம்ப முடியாது, அவன் பட்டத்தை நிறுத்திவையுங்கள். பொய்யை நிரூபித்த கையோடு அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன்.

மூன்று முறை ஓட்டினேன். மேலே இருந்த பொடியும் அடியில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் அவனுடைய இரண்டு டிகிரிக்கு அப்படியே பொருந்தியது.

என் சந்தேகம் உடனே டெக்னீஷியன் ஜெபசீலன் அண்ணாச்சி மேல் பாய்ந்தது. அலமாரிச் சாவி எனக்கு அடுத்து அவரிடம்தான்.

"ஜாடியில வேற பொடி கலந்திருக்கு. யாரு வேலை அண்ணாச்சி?"

அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "விஜிலா மேடம், போன ஈஸ்டருக்கு முன்னால பொடி அடிமட்டத்துக்கு வந்துட்டு. நீங்கதான் வேற பளிங்கு கொண்டாந்து அரைச்சு மேல போட்டீங்க. பழசு தீரட்டும், புதுசைத் தனியா வைப்போம்னு சொன்னேன். உப்பு ஜாடியும் இதுவும் ஒண்ணு, காலியா விடக்கூடாதுன்னு சிரிச்சீங்களே."

நினைவு வந்துவிட்டது. நாசரேத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடி ஒருநாளும் தீர்ந்ததில்லை. பாதி குறைந்தாலே அம்மா புது உப்பை மேலே கொட்டி நிரப்பிவிடுவாள். அதே பழக்கத்தில் நானும் கொட்டியிருக்கிறேன். இரண்டும் வெள்ளை, அளந்துகூடப் பார்க்கவில்லை. அதன்பிறகு நான் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளும் இந்த ஜாடியை நம்பியவை. வெட்கத்தில் காது சுட்டது.

செல்வின் கதவருகே வந்து நின்றான். "என்ன வந்துச்சு மேடம்?"

அண்ணாச்சி என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்; நானும் சொல்லாவிட்டால் அவனுக்குத் தெரியப்போவதில்லை. கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். இரண்டாவது வரியை அடித்தேன். முதல் வரியில் அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதி அவனிடமே நீட்டினேன்.